நாற்பது வட்டங்கள்

கிருஷ்ணகிரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். ஓசூரில் நீ வேலை பார்த்த நிறுவனம் உன்னை நகோயாவுக்கு அனுப்பியதிலிருந்து, நீ பெயர் எழுதி அனுப்பும் சண்டைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். எது பிடித்தது என்று நீ தொலைபேசியில் கேட்டபோது, ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சண்டைப் படங்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எழுதினால்தான் அது ஒழுங்காக வரும்.

திரையில் ஒருவன் அடிக்கும்போது, அடிபட்டவனுக்கு வலித்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அடித்தவனுக்கும் கை நோக வேண்டும். செத்தவனுக்குப் பெயர் இல்லாவிட்டாலும், ஓர் ஆள் போய்விட்டான் என்கிற கணக்காவது படத்துக்குள் இருக்க வேண்டும். இது இருந்தால் மூன்றரை மணி நேரமானாலும் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பேன். இல்லாவிட்டால் எத்தனை கோடி கொட்டி எடுத்திருந்தாலும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

2003-இல் வந்த கொரியப் படமான 'ஓல்ட்பாய்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதினைந்து ஆண்டுகள் ஓர் அறைக்குள் அடைபட்டு, சுவரைக் குத்தியே சண்டை பழகியவன், கையில் ஒரு சுத்தியலோடு நீண்ட நடைவழியில் ஒரு கூட்டத்தையே எதிர்கொள்ளும் காட்சியை நாங்கள் நிறுத்தி மறுபடியும் பார்த்தோம். கேமரா பக்கவாட்டில் நின்று, குறுக்கே சுவரே இல்லாததுபோல், அந்த நடைவழி முழுவதையும் ஒரே ஷாட்டில் காட்டிக்கொண்டே நகர்கிறது. மூன்று நாட்களில் 17 முறை எடுத்தார்களாம். அவன் முதுகில் குத்தி நிற்கும் கத்தி மட்டுமே கணினியில் சேர்த்ததாம். என்னை அசைத்தது அந்த உழைப்பு மட்டும் அன்று. நடுவில் எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறதே, அதுதான். அவன் கீழே கிடக்கிறான், எதிரிகளும் குனிந்து மூச்சிரைக்கிறார்கள், ஒரு கணம் ஒருவருக்கும் சண்டை போடத் தெம்பில்லை, பிறகு அவன் எப்படியோ எழுந்து நிற்கிறான். நம் படங்களில் கதாநாயகனுக்குச் சட்டை மட்டும்தான் கிழிகிறது. களைப்பு வருவதே இல்லை. இந்தப் படத்தின் முடிவைப் பற்றி மட்டும் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அது கதையின் கட்டாயம் என்பது புரிகிறது. ஆனால் அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

இந்தோனேசியப் படமான 'தி ரெய்டு' எனக்கு ஆகவில்லை. பாதியில் எழுந்துவிட்டேன், அப்பா முடித்தார். தாய்லாந்துப் படமான 'ஆங் பாக்' கதை நம் ஊர்ப் பக்கமே நடப்பதுபோல் இருந்தது. ஊர்க் கோயில் புத்தரின் தலையை அறுத்துத் திருடிக்கொண்டு போனவர்களைத் தேடி ஒரு கிராமத்துப் பையன் பாங்காக்குக்குப் போகிறான். அந்தப் பையனாக நடித்த டோனி ஜா கயிறு கட்டாமல் தாவுகிறார் என்பதை மெய்ப்பிக்க ஒரே தாவலை இரண்டு மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். முதல் முறை வியப்பாக இருந்தது, போகப் போகக் கதை நின்று போய்விடுகிறது.

ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' பற்றி நீயும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். 1985-இல் வந்த படம், இன்று பார்த்தாலும் புதிதாகவே இருக்கிறது. கடைசியில் அந்த வணிக வளாகத்தின் மேல்தளத்திலிருந்து, விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சறுக்கி இறங்க, விளக்குகள் வெடித்துச் சிதறி, கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு விழுகிறார். கை வெந்து போனது நடிப்பல்ல, உண்மை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, எடுக்கையில் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் காட்டுகிறார்கள். நீ அதைத் தைரியம் என்று கொண்டாடுகிறாய். நான் பெற்றவள், அந்தக் காட்சியில் எனக்குக் கை தட்ட வரவில்லை. கண்ணாடிமேல் விழுந்த பெயர் தெரியாத சண்டைக் கலைஞன் வீட்டில் அன்று இரவு யார் காத்திருந்தார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அடிபட்டவன் முகத்தைக் காட்டாமல் மறைத்துவிடும் படங்களைவிட, இவன்தான் உங்களுக்காக விழுந்தவன் என்று கடைசியில் அவனைத் திரையில் நிறுத்திய படம் நேர்மையானது.

ஜாக்கி சானும், அவரைப் போலவே சண்டைப் பட நடிகரான சாமோ ஹங்கும் சிறுவயதிலேயே பீக்கிங் ஓப்பரா என்கிற சீன இசைநாடகப் பள்ளியில் சேர்ந்து, ஆட்டம், பாட்டு, கரணம், ஆயுதம் எல்லாம் ஒன்றாகப் பழகியவர்கள் என்று படித்தபோது எனக்குப் பல செய்திகள் விளங்கின. அவர்கள் சண்டையில் ஒரு தாளம் இருக்கிறது. அடி, அடி, ஒரு நிறுத்தம், மறுபடி அடி. பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவளுக்கு அது புதிதில்லை. மத்தளத்தின் அடிக்கேற்பத்தான் துரியோதனனும் சுழல்கிறான், பீமனும் கதாயுதத்தை ஓங்குகிறான். பதினெட்டாம் போரின் படுகளத்தன்று, மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் தொடையில் அடி விழுந்தபின், காந்தாரி வேடம் கட்டியவர் ஒப்பாரி வைத்து அழும்போது ஊர்ப் பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். கெட்டவன் என்று அவ்வளவு நேரம் ஏசிய அதே பெண்கள்தான். சீனாவில் அந்த ஓப்பரா மேடை ஆட்டம் சினிமாச் சண்டைக்குள் நேராக வந்து சேர்ந்தது. நம் கூத்துக்காரர்களின் உடம்புக்கும் தாளத்துக்கும் நம் சினிமாவில் அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆர் சிலம்பம் சுற்றியதோடு அது முடிந்துவிட்டது என்று அப்பா சொல்கிறார். இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

2000-இல் ஆங் லீ எடுத்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தால் வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. மூங்கில் காட்டில் மரத்துக்கு மரம் பறந்து சண்டையிடுவதைப் பார்த்து, பறக்கிறவனுக்கு எப்படி அடிபடும் என்று அப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். நான் அவருக்கு முற்றத்தில் நடக்கும் வாள் சண்டையைக் காட்டினேன். மிஷேல் யோவும் அவரைவிட இளையவரான ஜாங் ஸீயியும் மோதும் அந்தக் காட்சியில், இளையவள் கையில் எதையும் வெட்டும் வாள் இருக்கிறது. மூத்தவளோ ஈட்டி, கொக்கி வாள் என்று ஒவ்வோர் ஆயுதமாக எடுக்க, ஒவ்வொன்றும் துண்டாகிறது. ஒரு கனத்த தடியை ஓங்க முயன்று அதன் பாரம் தாங்காமல் தடுமாறவும் செய்கிறாள். கடைசியில் முறிந்துபோன ஒரு வாளை இளையவள் கழுத்தில் வைத்து நிறுத்துகிறாள், கொல்லவில்லை. அந்த இரக்கத்துக்குப் பதிலாக அவளுக்குக் கையில் வெட்டு விழுகிறது. பறப்பது சீனக் கதைமரபு. ஆனால் அந்த வெட்டு உண்மையாகவே வலிக்கிறது. மிஷேல் யோ ஈப்போவில் பிறந்து, பாலே நடனம் பயின்று, இந்தப் படப்பிடிப்பில் முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்து நடித்தவர் என்பதைச் சொன்னபிறகு அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். 2023-இல் அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்த செய்தியைப் படித்தபோது நம் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன்.

தமிழில் எதுவுமே இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. 2019-இல் வந்த 'கைதி'யைப் பாட்டில்லாமல், ஒரே இரவில் முடித்த துணிவுக்காகவே மதிக்கிறேன். சிறையிலிருந்து வந்தவன் பக்கெட்டில் இருந்து பிரியாணியை அள்ளி அள்ளித் தின்னும் இடம், அதில் வரும் எந்தச் சண்டையையும்விட அவன் பலத்தை எனக்குக் காட்டியது. அன்பறிவ் சகோதரர்கள் அமைத்த லாரிச் சண்டைகளில் இருட்டும் இரும்பும் கனமாகத் தெரிகின்றன. முடிவில் பெரிய இயந்திரத் துப்பாக்கி வந்ததும் அந்தக் கனம் போய்விட்டது. அதற்குப் பின் விழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

எண்ணுவது என்றதும் 'ஏழு சாமுராய்'க்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1954-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், 207 நிமிடம். விளைச்சலுக்குக் காத்திருந்து கொள்ளையடிக்க வரும் கூட்டத்திடமிருந்து ஊரைக் காக்க, கூலியாகச் சோறு மட்டுமே தரக்கூடிய குடியானவர்கள் சாமுராய்களை, அதாவது வாள்வீரர்களைத் தேடிப் போகிறார்கள். வந்தவர்களுக்கு அரிசியைப் பொங்கிப் போட்டுவிட்டுத் தாங்கள் சிறுதானியம் தின்கிறார்கள். அதை அறிந்ததும் மூத்தவரான காம்பெய், அந்தச் சோற்றைக் கையில் ஏந்தி, இதை வீணாக்க மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் நான் உன் ஆயாவை நினைத்துக்கொண்டேன். நெல்லுச்சோறு நோம்புக்கும் விருந்தாளிக்கும் மட்டும், மற்ற நாளெல்லாம் களியும் சாமைச்சோறும் என்று வளர்ந்த மனுஷிக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

வரப்போகும் கொள்ளையர் நாற்பது பேர். காம்பெய் நாற்பது வட்டம் வரைந்து வைத்துக்கொண்டு, ஒருவன் செத்தால் ஒரு வட்டத்தை அடிக்கிறார். இத்தனை படங்களில் நான் தேடியது இதுதான் என்று அப்போதுதான் எனக்கே தெளிவானது. எதிரியும் ஒருவன், அவன் போனால் ஒன்று குறைகிறது. நம் பக்கம் போனாலும் அப்படியே. ஏழு பேரில் நால்வர் இறக்கிறார்கள், நால்வருமே துப்பாக்கிக் குண்டுக்கு. வாள்வீச்சில் யாரும் நெருங்க முடியாத கியூஸோவும், மறைந்திருந்தவன் சுட்ட குண்டுக்கு மழைச் சேற்றில் விழுகிறான். அவன் கற்ற வித்தை முழுவதும் அந்த ஒரு நொடியில் உதவாமல் போகிறது. தோஷிரோ மிஃபுனே நடித்த கிக்குச்சியோ, எரியும் ஆலையின் முன்னால் தாயை இழந்த குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, இது நான்தான், எனக்கும் இப்படித்தான் நடந்தது என்று அழும்போது, அதுவரை அவன் செய்த கோமாளித்தனம் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. குடியானவர்களைத் தந்திரக்காரர்கள் என்று ஏசிவிட்டு, அவர்களை அப்படி ஆக்கியது யார், நீங்கள்தானே என்று சாமுராய்களைப் பார்த்து அவன் கத்துவதை ஒவ்வோர் ஊரிலும் திரையிட வேண்டும்.

முடிவில் மேட்டின்மேல் நான்கு சமாதிகளில் வாள்கள் நடப்பட்டிருக்க, கீழே கொட்டும் பாட்டுமாக ஊர் நடவு நடுகிறது. வென்றது அவர்கள், நாம் அல்ல என்கிறார் காம்பெய். யாரும் நிமிர்ந்து அந்த மேட்டைப் பார்க்கவில்லை, நன்றி கெட்டவர்கள் என்று நீ சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கண்ணு. நடவு பருவத்துக்குக் காத்திருக்காது. ஊர் முதலில் உயிர் பிழைக்க வேண்டும். நினைவு அதன் பிறகுதான் வரும். நம் பக்கத்தில் வேடியப்பன் என்று பொங்கலிட்டுக் கும்பிடும் இடங்கள் பலவற்றில் உள்ளே நிற்பது நடுகல் அல்லவா? தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் கற்களை அடுத்த முறை வரும்போது நீ நின்று பார்க்க வேண்டும். கையில் வில்லும் வாளும் ஏந்தியிருப்பவனின் உடம்பிலேயே அம்புகள் தைத்திருப்பதையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை மீட்கப் போய் இறந்தான், அவன் யாருடைய சேவகன் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாடு மீட்கப் போன ஒரு சாதாரணச் சேவகனுக்கே இத்தனை கணக்கு. அவனை அம்பு தொடாத வீரனாகக் காட்ட அந்தச் சிற்பிக்குத் தோன்றவில்லை.

தகடூர் என்று அன்று பெயர் கொண்ட இதே தருமபுரியை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை நீ பள்ளியில் படித்திருப்பாய். அவன் மார்பில் பாய்ந்த வேல், பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளின் ஊடே போய், அவன் காத்து வந்தவர்களின் கண்ணொளியை மங்கச் செய்து, புலவர்களின் நாவில் போய் விழுந்தது என்கிறார் ஔவை. ஒரே வேல், அது எத்தனை பேரைத் தைத்தது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னமே எண்ணிப் பார்த்திருக்கிறார். குரோசாவாவின் நாற்பது வட்டங்களைப் பார்த்தபோது அந்தப் பாட்டு எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது. இப்படி எண்ணத் தெரிந்த மண்ணில் சண்டைப் படம் எடுப்பவர்கள், கதாநாயகன் ஒரு கையால் ஐம்பது பேரைத் தூக்கி எறிவதோடு ஏன் திருப்தி அடைகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்து கிங் ஹூ 1971-இல் எடுத்த 'எ டச் ஆஃப் ஜென்' படத்தைப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். மூங்கில் காட்டுச் சண்டைக்கு அதுதான் முன்னோடி என்று சொன்னதும் அப்பாவே நாளைக் குறித்துவிட்டார். மூன்று மணி நேரப் படம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருவோம். முடிந்தால் நீயும் அதே வாரம் அங்கே பார்த்துவிடு. 'போலீஸ் ஸ்டோரி' பற்றி நான் எழுதியதற்கு உன் மறுப்பு என்ன என்பதையும் விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா