இவாஃபுனே போகும் வழி

அன்பு மகள் கயலுக்கு,

மார்ச்சில் ஜப்பானில் இவாஃபுனே ஊருக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். கிளம்பும் முன் மகோதோ ஷின்காயின் ‘வினாடிக்கு 5 சென்டிமீட்டர்’ அனிமேஷன் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிடு. 63 நிமிடந்தான். மூன்று பாகத்தையும் ஒரே மூச்சில், ஜப்பானியக் குரலிலேயே பார்.

முதல் பாகத்தில் பள்ளிச் சிறுவன் தகாகி, இடம் மாறிப்போன தோழி அகாரியைப் பார்க்க டோக்கியோவிலிருந்து இவாஃபுனேவுக்குப் போன தடம் இது: கோதோகுஜியில் ஒடாக்யூ ரயில், ஷின்ஜுகுவில் சைக்யோ தடம், ஓமியாவில் உட்சுனோமியா தடம், ஓயாமாவில் ர்யோமோ தடம். உனக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. 2001 டிசம்பரில் ஷோனன்-ஷின்ஜுகு தடம் வந்ததிலிருந்து ஷின்ஜுகுவில் ஏறினால் ஓயாமாவிலேயே இறங்கலாம். ஒன்றை மட்டும் கவனி. அந்தத் தடம் ஓமியாவுக்கு அப்பால் இரண்டாகப் பிரிகிறது. பலகையில் உட்சுனோமியா அல்லது கோகானேய் என்று இருந்தால் ஏறு. தகாசாகி என்றிருந்தால் விட்டுவிடு. ர்யோமோ ரயிலும் தகாசாகிக்குத்தான் போகிறது என்பதால் பலர் இங்கே ஏமாறுவார்கள்.

ஓயாமாவில் ர்யோமோ நடைமேடை மற்றவற்றிலிருந்து தள்ளி இருக்கிறது. ரயில்களும் அடிக்கடி கிடையாது, ஒன்றை விட்டால் வெகுநேரம் காத்திருக்கணும். ஓயாமாவுக்கு அடுத்து ஓமோய்காவா, தோசிகி, ஓஹிராஷிதா, நாலாவது இவாஃபுனே. கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்தணும். ஏறியதும் நீயே மூடிவிடு, இல்லாவிட்டால் குளிர் உள்ளே வரும். படத்தில் தகாகிக்கு இது தெரியாமல், பக்கத்தில் இருப்பவர் எழுந்து மூடுவார், இவன் மன்னிப்புக் கேட்பான். டோக்கியோப் பையன் பழக்கமில்லாத ஊருக்கு வந்துவிட்டான் என்று ஷின்காய் ஒரு பொத்தானை வைத்தே சொல்லிவிடுகிறார்.

படத்தில் அன்று பனியால் வண்டிகள் தாமதமாகின்றன. முன்னால் போகும் வண்டி தாமதமானால் பின்னால் வருவது ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும். அதனால் அடுத்த இணைப்பு தவறும். கடைசியில் ர்யோமோ ரயில் வெட்டவெளியில் இரண்டு மணி நேரம் நின்றுவிடுகிறது. மாலை 7-க்குச் சந்திப்பதாக இருந்தவன் இரவு 11-ஐத் தாண்டி இறங்குகிறான். கைபேசி இல்லாத காலம், ‘தாமதம், நீ வீட்டுக்குப் போ’ என்று அகாரிக்குச் சொல்ல வழியில்லை.

தூரம் பிரித்துவிட்டது என்றுதான் இந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தகாகி எழுதிய கடிதம் ஓயாமாவில் காற்றோடு போய்விடுகிறது, சரி. ஆனால் பறந்துபோனதை அவன் அவளிடம் சொல்வதே இல்லை. அகாரியும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். அவன் எதிரே நின்றபோதும் கொடுக்கவில்லை, அதற்குக் காற்றைக் குறை சொல்ல முடியுமா? இரண்டாம் பாகத்தில் தானேகாஷிமா தீவில் தகாகி யாருக்கும் அனுப்பாத மின்னஞ்சல்களை எழுதி எழுதி அழிக்கிறான். பக்கத்திலேயே இருந்து அவனை விரும்பும் கானாயேவும் மனதில் உள்ளதைச் சொல்லாமலே போகிறாள். ஆயிரம் செய்திக்குப் பிறகும் மனசு ஒரு சென்டிமீட்டர்தான் நெருங்கியது என்று மூன்றாம் பாகத்தில் இன்னொரு பெண் எழுதுவாள். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பார்.

தலைப்புக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. செர்ரி இதழ் அந்த வேகத்தில் விழுந்தால் 5 மீட்டர் மரத்திலிருந்து தரைக்கு வர 100 வினாடி ஆகும், நிஜத்தில் அதைவிட வெகு சீக்கிரம் விழுந்துவிடும். இரண்டாம் பாகத்தில் ராக்கெட்டை ஏற்றிப்போகும் வண்டியின் மணிக்கு 5 கிலோமீட்டர் மட்டும் நம்பும்படி இருக்கிறது.

மார்ச் தொடக்கத்தில் இவாஃபுனேயில் செர்ரி பூத்திருக்காது. பூ வேண்டுமென்றால் ஏப்ரல் தொடக்கத்துக்குத் தள்ளிப்போடு. நிலையத்துக்குப் பக்கத்திலேயே இவாஃபுனே மலை, கோயிலுக்குச் சுமார் 600 கல்படி. ஷூ போட்டுக்கொண்டு போ. கடைசிக் காட்சியின் ரயில்வே கேட் சங்குபாஷி பக்கம், ஒடாக்யூ தடத்தில். அதை வேறொரு நாள் பார்த்துக்கொள். ஒரே நாளில் இரண்டையும் வைத்தால் திரும்பும் ரயில் இடிக்கும்.

தகாகியும் அகாரியும் வயல் கொட்டகையில் இரவைக் கழித்தார்கள் என்று நீயும் தங்கிவிடாதே. கடைசி ரயில் நேரத்தைப் போகும்போதே பார்த்துக் குறித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா