கமலாவுக்கு, லெகார்ன் கோழியைப் பற்றி

சுங்கை சிப்புட்,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள கமலா,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு, இப்போது இதைப் படி. கனடாவில் மகள் இருக்கும் எட்மன்டனிலிருந்து திரும்பி ஒன்பது நாளாகிறது. மகள் சுகம், பேத்தி சுகம். ராத்திரியில் குழந்தை அழுகிற அழுகை உன் சின்னவனையே தோற்கடித்துவிடும். மற்றதைப் போனில் பேசலாம். கோழி விஷயத்தை மட்டும் போனில் சொல்ல வரவில்லை. இரண்டு தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

மகள் வீட்டுப் பின்னால் ஆறு பெட்டைக் கோழி வளர்க்கிறாள். நகரத்துக்குள் சேவல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லையாம். பேறுகாலம் பார்க்கப் போனவள் கையில் கோழிகளும் வந்து சேர்ந்தன. எனக்குச் சந்தோஷம்தான். தோட்டத்து லயத்து வீட்டில் அம்மாவின் குஞ்சுகளுக்கு நீயும் நானும் கரையான் புற்றை உடைத்துக் கொண்டுவந்து போடாத நாள் உண்டா?

ஆனால் அது வேறு உலகம், கமலா. குளிர் என்றால் நீ கேமரன் மலையைச் சொல்வாய், அங்கேயே மூன்று நாளும் ஸ்வெட்டரைக் கழற்றாதவள் நீ. டிசம்பர் கடைசியில் எட்மன்டனில் பகல் வெளிச்சமே ஏழரை மணி நேரம்தான். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையைக் குறைத்துவிடும். இட்ட முட்டையை உடனே எடுக்காவிட்டால் அது உறைந்து ஓடு வெடித்துவிடும். தண்ணீர் உறையாமலிருக்க மின்சாரத்தில் சூடாகிற தட்டின் மேல் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிடி சோளம் போடுவேன். அது ராத்திரியில் மெதுவாகச் செரிக்கும்போது உடம்புக்குச் சூடு கொடுக்கும். உட்காருகிற கட்டை கூட உருண்டையாக இல்லை, அகலமான பட்டைப் பலகை. விரலைப் பரப்பி வைத்து, மேலே நெஞ்சு இறகால் மூடிக்கொண்டு உட்காரும். அதைப் பார்க்க அவ்வளவு அழகு.

ஜனவரியில் ஒரு வாரம் மைனஸ் 35 டிகிரிக்குப் போனது. கூண்டின் கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் காற்றுத் துவாரம் இருக்கிறது. குளிரெல்லாம் அது வழியாகத்தான் உள்ளே போகிறது என்று என் மனசுக்குள் ஒரே தவிப்பு. மருமகன் இரவு வேலைக்குப் போயிருந்தார், மகள் குழந்தையோடு படுத்திருந்தாள். யாரையும் கேட்காமல் பழைய துண்டுகளைச் சுருட்டி இரண்டு துவாரத்தையும் இறுக்கி அடைத்தேன். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கம்தான் இன்னும் என்னை உறுத்துகிறது.

விடிந்து கதவைத் திறந்தால் உள்சுவர் முழுக்க வெள்ளையாக உறைபனி. எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. மருமகன் வந்து ஒரு வார்த்தை பேசாமல் முதலில் துண்டுகளைத்தான் பிடுங்கினார். அப்புறம்தான் சொன்னார். கோழியின் உடம்பு 41 டிகிரி, இறகைச் சிலுப்பிக்கொண்டால் அந்தச் சூட்டை அதுவே காத்துக்கொள்ளும். காற்று நேராக மேலே அடிக்காமல், உடம்பு ஈரமில்லாமல் இருந்தால் போதும். ஆறு கோழி ராத்திரியெல்லாம் விட்ட மூச்சும் எச்சத்து ஈரமும் வெளியே போக வழியில்லாமல் கொண்டையில் படிந்து உறைந்துவிட்டது. தலைக்கு மேலே துவாரம் வைத்ததே அந்த ஈரம் போகத்தான்.

சாண்டக்ளேர் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கியூபெக்கில் ஒரு துறவி நூறு வருஷத்துக்கு முன்பு அந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய இனம் அது, கொண்டை இருப்பதே தெரியாது. மாட்டிக்கொண்டது வெள்ளை லெகார்ன். சாய்ந்து தொங்குகிற அந்தப் பெரிய கொண்டையின் நுனியெல்லாம் வெளுத்து, வீங்கி, சில நாளில் கறுத்துவிட்டது. நான் எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கப் போனேன், மருமகன் தடுத்துவிட்டார். தேய்த்தால் சதை இன்னும் சிதையுமாம். கறுத்ததை வெட்டவும் கூடாது, அடியில் இருக்கிற உயிருள்ள சதைக்கு அதுதான் மூடி. சூடு விளக்காவது போடலாமே என்றேன். தரை முழுக்க மரத்தூள், விளக்கு விழுந்தால் எல்லாம் எரிந்துபோகும் என்றார். தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் என்னால் முடிந்தது. அது என் கையிலேயே தின்றது, கமலா. ஒதுங்கிப் போயிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அம்மாவுக்கு இளைப்பு வந்த மழை ராத்திரி ஞாபகம் வந்தது. நீயும் இருந்தாய். சாரல் அடிக்கிறதென்று எல்லா ஜன்னலையும் சாத்தினோம், உள்ளே விறகு புகைந்துகொண்டே இருந்தது. "கொஞ்சம் திற" என்று அம்மா சொன்னதும் நாம் கம்பளியை இழுத்துப் போர்த்தியதும் உனக்கு நினைவிருக்கிறதா? இல்லை, நான்தான் பிறகு கற்பனை செய்துகொண்டேனா? உன்னைத் தவிர கேட்க எனக்கு யாரும் இல்லை. மறைக்காமல் எழுது.

இங்கே என் கம்பத்துக் கோழிகள் மழையிலும் ரம்புத்தான் மரத்தில்தான் ஏறிப் படுக்கின்றன. பக்கத்து செம்பனைக் காட்டிலிருந்து காட்டுக்கோழி கூவுகிறது. உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை அதுதானாம். அப்படியானால் அந்த லெகார்னும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே?

நேற்று மகள் படம் அனுப்பினாள். கறுத்த நுனிகள் தானாக விழுந்து, கொண்டை குட்டையாகி, ஓரம் ஆறிவிட்டது. முட்டையும் இடுகிறதாம்.

உன் அண்ணன் வியாழக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல். இரண்டு டஜன் முட்டை எடுத்து வைத்திருக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரையை விடாதே.

உன்
சரசு