படைவீரரின் கல்வி உதவி கைத்தொழில் கற்கவும் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைவீரர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அரசு அளிக்கும் கல்வி உதவிகள் பெரும்பாலும் பட்டப்படிப்பை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருப்பதால், கைத்தொழில் கற்றுப் பிழைக்க விரும்புவோர் அவற்றால் பயன்பெற முடியாத நிலை நீடிக்கிறது. பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் ஊர்தோறும் இருக்கும் குமரி மாவட்டத்திலிருந்து, ராணுவ வாகனங்களையும் கருவிகளையும் பழுது பார்க்கும் இஎம்இ பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ராணுவத்தில் 15 ஆண்டுப் பணியை முடிக்கும் சிப்பாய் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்த பலர் நாற்பதை எட்டும் முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்போது பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். வீடு கட்ட வாங்கிய கடனும் தீர்ந்திருக்காது. இதை உணர்ந்துதான் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம், ஓய்வுபெறவிருக்கும் வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. அதிகாரிகள் பயிற்சிக் கட்டணத்தில் 40 சதவீதத்தைத் தாங்களே செலுத்த வேண்டும். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையுள்ளவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் இயக்குநரகமே ஏற்கிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய ஏற்பாடு இது. ஆயினும் இந்தப் பயிற்சியைப் பெரும்பாலும் சீருடையில் இருக்கும்போதே, பணியின் கடைசிக் காலத்திலேயே முடித்துவிட வேண்டியிருக்கிறது. எல்லையில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் யூனிட்டிலிருந்து விடுவிப்பு கிடைக்க வேண்டும், விரும்பிய வகுப்பில் இடமும் இருக்க வேண்டும். ஊருக்கு வந்து சேர்ந்து, இங்கே எந்தத் தொழிலுக்கு ஆள் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு நிதானமாகத் தேர்ந்தெடுத்துக் கற்பதற்கு வழி மிகக் குறுகலாகவே இருக்கிறது.

இதன் விளைவை நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வங்கி வாசல்களில் பார்க்கலாம். பீரங்கி வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரும், பனிமலையில் ஜெனரேட்டரை அணையாமல் ஓட்டியவரும், தகவல் தொடர்புக் கருவிகளைப் பழுது பார்த்தவரும் துப்பாக்கி உரிமம் எடுத்துக் காவல் பணிக்குச் சென்றுவிடுகிறார்கள். காவல் பணி மரியாதைக்குரியதுதான். ஆனால் அரசு பல ஆண்டுகள் செலவிட்டுக் கற்றுக்கொடுத்த தொழில்நுட்ப அறிவு அங்கே பயனின்றிக் கிடக்கிறது என்பதே என் வருத்தம். ஆரல்வாய்மொழியையும் முப்பந்தலையும் ஒட்டி, நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று நிற்கிறது. உயரத்தில் ஏறி வேலை செய்வது, ஹைட்ராலிக் அமைப்புகளைச் சரிபார்ப்பது, மின்னாக்கியைப் பராமரிப்பது ஆகியவையே அங்கே அன்றாடப் பணிகள். இஎம்இயிலோ பொறியாளர் படைப் பிரிவிலோ இருந்த ஒருவருக்குச் சில மாதப் பயிற்சியும் அங்கீகரிக்கப்பட்ட ஒரு சான்றிதழும் கிடைத்தால், இந்த வேலைகளுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இருக்க முடியாது. குளச்சல், முட்டம் கடற்கரைகளில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கவும், விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ரப்பர் பதப்படுத்தும் இயந்திரங்களைக் கவனிக்கவும் இதே திறன் பயன்படும்.

பிள்ளைகளின் நிலையும் இதுபோன்றதே. 2006-07இல் தொடங்கப்பட்ட பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில், ஆண்டுக்கு 5,500 பேருக்கு, மாணவர்க்கு மாதம் 2,500 ரூபாயும் மாணவியர்க்கு 3,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. பொறியியல், மருத்துவம், பி.எட். போன்ற முதல் தொழில்முறைப் பட்டப்படிப்பில் சேர்வோருக்கே இது உரியது. தகுதித் தேர்வில் 60 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். ஐம்பத்தைந்து சதவீதம் எடுத்து, கோணம் அரசு ஐடிஐயில் சேர்ந்து வெல்டராகவோ எலக்ட்ரீஷியனாகவோ ஆக விரும்பும் ஹவில்தாரின் மகனுக்கு இதில் இடமில்லை. உதவி மிகவும் தேவைப்படுகிற வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் அவன்தான்.

அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டு ஜூன் மாதம் கையெழுத்தான, இரண்டாம் உலகப் போர் வீரர்களின் மறுவாழ்வுக்கான ஜி.ஐ. சட்டம் இந்த வேறுபாட்டை அப்போதே நீக்கிவிட்டது. 1956க்குள் அதன் கல்வி, பயிற்சி உதவிகளைப் பயன்படுத்திய சுமார் 78 லட்சம் வீரர்களில் கல்லூரிக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் மட்டுமே. மற்றவர்கள் தொழிற்பள்ளிகளிலும் பட்டறைகளிலும் பண்ணைகளிலும் பயின்றார்கள். இன்று அங்கே நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி, முழுத் தகுதி பெற்ற வீரருக்கு 36 மாதக் கல்வி உதவி உண்டு; அதைப் பல்கலைக்கழகத்திலும் செலவிடலாம், தொழிற்பயிற்சிப் பள்ளியிலும் செலவிடலாம், சம்பளத்துடன் தொழில் பழகும்போதும் பெறலாம். 2013ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பணி முடித்தவர்களுக்குக் காலக்கெடுவும் இல்லை. அவர்களுடைய நிதி வளம் நமக்கு இல்லை; அத்தனை தொகையை நான் கேட்கவும் இல்லை. எதைக் கற்பது, எப்போது கற்பது என்ற முடிவை வீரரிடமே விட்டுவிடும் அந்த அணுகுமுறையை நாம் தாராளமாகப் பின்பற்றலாம்.

படைகளில் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் சேர்க்கப்படும் அக்னிவீரர்கள் திரும்பும் காலம் வந்துவிட்டதால் இது இன்னும் அவசரமாகிறது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினர் நான்கு ஆண்டுகளை முடிக்கும்போது, நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் 25 சதவீதம் வரைதான். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பணி முடிவில் மொத்தமாக, சேவா நிதியாகக் கிடைக்கும் சுமார் 11.71 லட்சம் ரூபாயில், வட்டி நீங்கலாகப் பாதித் தொகை அவர்களுடைய சம்பளத்தில் பிடித்த பணமே. இருபத்திரண்டு வயதில் வீடு திரும்பும் இளைஞன் அந்தச் சேமிப்பை உடைத்துத்தான் ஒரு தொழிலைக் கற்க வேண்டும் என்றால், அதை உதவி என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில், முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியம் வழங்கப்படுகிறது. தொழில் தொடங்கப் பணம் தரும் அரசு, அந்தத் தொழிலை முறையாகக் கற்கும் காலத்துக்கும் கைகொடுக்க வேண்டும். கோணத்தில் அரசு ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. மாலை வேளைகளில் அந்தப் பட்டறைகளைத் திறந்து, காற்றாலைப் பராமரிப்பு, படகு எஞ்சின், குளிர்சாதனம் ஆகியவற்றில் முன்னாள் வீரர்களுக்கும் அக்னிவீரர்களுக்கும் கட்டணமின்றி வகுப்புகள் நடத்த மாநில அரசு முன்வர வேண்டும். மத்திய அரசு, மறுவாழ்வுப் பயிற்சியை ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ள அனுமதிப்பதுடன், பிரதமரின் உதவித்தொகையை ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும். குமரி மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர்களும் அக்னிவீரர்களின் முதல் அணி ஊர் வந்து சேர்வதற்குள் இந்தக் கோரிக்கைகளை அவைகளில் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.