பத்துக்கு அரைக் கிலோ

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. பங்குனி பிறந்துவிட்டால் நம் கருப்பட்டிக் கடையில் வேலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பனையில் பாளை சீவத் தொடங்கிவிட்டார்கள், பதனீர் காய்ச்சும் விடிலிகளில் புகை வருகிறது, காலை ஆறு மணிக்கே திண்ணையில் ஆள் வந்து நிற்கிறது. உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். தையல் பிரித்தாகிவிட்டதா? மாடிப்படி ஏற அவசரப்படாதே. இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். மகள் போன வருடத்திலிருந்து என்னோடுதான் இருக்கிறாள், கடைக் கணக்கு முழுவதும் இப்போது அவள் கையில்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே இல்லை. "முப்பத்துநாலு வருசம் பேங்க் கவுன்டரிலேயே போச்சு, இனிமேதான் காலையில வேதம், சாயங்காலம் ஜெபம்னு கிறிஸ்தவனா வாழ நேரம் கிடைச்சிருக்கு" என்று எழுதியிருந்தாய். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்ல ஒரு கதை சொல்ல வேண்டும். நம் உபதேசியாருக்கும் என் மனைவிக்கும் தவிர வேறு யாருக்கும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

கழிவு என்றால் என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பனையேறி கொண்டுவருகிற கருப்பட்டியைத் தராசில் வைக்கிறோம். பத்துக் கிலோ நிற்கும். "ஒன்பதரை" என்று சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதுவோம். பச்சைக் கருப்பட்டி காய்ந்தால் எடை இறங்கும், அதற்காகப் பத்துக்கு அரைக் கிலோ. அப்பா காலத்தில் அப்படித்தான், தாத்தா காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

முந்தின வருடக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த மகள் ஒரு நாள் கூப்பிட்டாள். "அப்பா, ஏழு வீட்டுலயிருந்து 5,700 கிலோ வாங்கியிருக்கீங்க. வித்தது 5,940. இந்த 240 கிலோ எங்கேயிருந்து வந்துச்சு?" கழிவு என்றேன், காய்ந்து இறங்குவதற்கு என்றேன். "தராசுல நின்னது 6,000. இறங்கினது 60தான். மிச்சம் யாரோடது?" என்றாள். அவள் குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. கணக்கு இடிக்கிறதே என்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தொண்டை காய்ந்துபோய்ச் செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு எப்போதும் நீயும் நானும்தான் பரிசு வாங்குவோம். "சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும்" என்று லேவியராகமத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தவன் நான். அந்த வயதில் சுமுத்திரை என்றால் சமுத்திரத்தோடு ஏதோ சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! நல்ல முத்திரை உள்ளது, சரியானது என்று பிறகுதான் தெரிந்தது. என் தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு. தவறாமல் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்கிவிடுவேன், ஒரு வருடமும் விட்டதில்லை. அந்தத் தராசு பத்துக் கிலோ என்று நேராகத்தான் சொன்னது. அதைப் பார்த்துக்கொண்டே ஒன்பதரை என்று சொன்னது என் வாய்.

அன்று இரவு அம்மாவை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நீ எங்கள் வீட்டில் சாப்பிட்ட நாட்களில் பார்த்திருப்பாய். உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவார்கள். வீட்டில் கஞ்சி மட்டும் வைத்த காலத்திலும் அந்தப் பிடியரிசி நின்றதில்லை. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். அதே வீட்டின் அடுக்களையில் ஒரு கைப்பிடி வெளியே போய்க்கொண்டிருந்தது, திண்ணையில் அரைக் கிலோ உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருடம் நடந்திருக்கிறது. அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்டு வளர்ந்தது அப்படி. எனக்கோ வசனம் தெரியும், கணக்கும் தெரியும்.

அடுத்த இரண்டு மாதம் நற்கருணைக்கு நான் எழுந்து போகவில்லை. சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. என் மனைவி முதல் மாதம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் கேட்டாள், சொன்னேன். "அப்போ போய்க் குடுத்துருங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள்.

கழிவை அந்தப் பருவத்தோடு நிறுத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து, "நீங்க ஒருத்தர் பண்ணா எங்களுக்கும் பிரச்சினை வரும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சீனி கலந்த கருப்பட்டியையும் அப்போதே விட்டுவிட்டேன். 2023ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அந்தப் பெயரைச் சொல்லிச் சீனிப்பாகை விற்பது எனக்கு நெஞ்சில் குத்திக்கொண்டேதான் இருந்தது. விலை கட்டவில்லை என்று ஒரு பெரிய கடைக்காரர் போய்விட்டார். சரி, அது போகட்டும்.

பழைய பாக்கிதான் பெரிய வேலை. ஒன்பது வருட நோட்டு வீட்டில் இருந்தது. மகள் அத்தனையையும் எடுத்து, உண்மையில் காய்ந்து இறங்கியதைக் கழித்து, அந்தந்த வருட விலை போட்டுக் கணக்குப் பார்த்தாள். ஏழு வீட்டுக்கும் சேர்த்து நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேதத்தில் வருகிற வரிவசூல்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுத்தான். எனக்கு அவ்வளவு விசுவாசமும் இல்லை, அவ்வளவு கையிருப்பும் இல்லை. உள்ளதை மட்டும் இரண்டு தவணையாகக் கொடுத்தேன். மகள் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்த வைப்புநிதியை உடைக்கலாம் என்று சொன்னது அவளேதான்.

ஆறு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள், ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார், தேர்தலில் நிற்கப் போகிறேனோ என்று. ஏழாவது வீட்டைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

பெரியவருக்கு 71 வயது. ஐந்து வருடம் முன்பு வரை காலையும் மாலையும் பனையேறியவர். நெஞ்சில் காய்ப்பு இன்னும் இருக்கிறது. இப்போது மகன் ஏறுகிறான், பெரியவரும் வீட்டம்மாவும் விடிலியில் பதனீர் காய்ச்சுகிறார்கள். அவர் பங்கு 58,000 ரூபாய்ச் சொச்சம். கவரை நீட்டினேன், விவரம் சொன்னேன். கை நீட்டவில்லை.

"எங்களுக்குக் கணக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க மொதலாளி? எங்க வீட்டுலயே ஒரு தராசு இருக்கு. நிறுத்துட்டுத்தான் கொண்டாருவேன்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் நின்றுகொண்டிருந்தேன். "வருசா வருசம் கோயில் அசன விருந்துல உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுறேன். கோயில்ல ஒரே பெஞ்சு. இந்த வாசலுக்கு எத்தனை தடவை வந்திருப்பீங்க, கருப்பட்டி பாக்க, அட்வான்ஸ் குடுக்க. ஒரு நாளாவது உள்ள வந்து உக்காந்திருக்கீங்களா?"

இல்லை. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. வெயிலில் நின்றபடியே பேசிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கு அது தவறாகத் தெரிந்ததே இல்லை.

உள்ளே போய் ஓலைப்பாயில் உட்கார்ந்தேன். வீட்டம்மா காப்பி கொண்டுவந்தார்கள். ஒரு வாய் குடித்தேன், சீனிக் காப்பி. நாள் முழுக்கக் கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டில் சீனி போட்டுக் காப்பி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விக்கிறதுக்கே சரியாப் போயிருதுய்யா" என்றார்கள், ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அந்த டம்ளரைக் காலி செய்வதற்குள் நான் பட்ட பாடு ஆண்டவருக்குத் தெரியும். நான் கிளம்பும்போதுதான் பெரியவர் கவரை வாங்கி வீட்டம்மாவிடம் கொடுத்தார். "பயல் நகையைத் திருப்பணும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நம் பக்கத்து ஊர் வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்பாடு பிஷப்பான அசரியாவின் ஞாபகம் வந்தது. 1910ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு உனக்கும் தெரியும். அப்போது அவர் பிஷப்கூட ஆகவில்லை, 35 வயது. உலகத்து மிஷனெரிகள் எல்லாம் கூடியிருந்த சபையில் நின்று, நீங்கள் எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று சொன்னார். அந்தப் பேச்சைப் பெருமையோடு நான் எத்தனை கூட்டத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்! நம்ம ஊர்க்காரர் வெள்ளைக்காரரிடம் கேட்டார் என்று. பெரியவர் என்னிடம் கேட்டதும் அதேதான். இந்தத் தடவை கேட்கப்பட்டவன் நான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் சொல்கிறேன், வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் இப்போது உனக்கு நேரம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த முப்பத்துநாலு வருடத்தை வெறுமனே கழிந்துபோன காலமாக எழுதிவிடாதே. பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சையில் கணக்கு வாத்தியார் உனக்கு நான்கு மார்க் கூட்டிப் போட்டுவிட்டார் என்று நீயே பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினாய். முதல் ரேங்க் போனது. போர்டிங்கில் அன்று ராத்திரி உன்னை முட்டாள் என்று திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பையன்தான் கவுன்டரில் போய் உட்கார்ந்தான். கைநாட்டு வைக்க வந்த பாட்டிகளுக்கு எழுந்து வந்து படிவம் எழுதிக் கொடுப்பாய் என்று உன் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் வேறு எந்தக் கணக்கில் சேரும்?

எனக்கு இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. அதற்கு உன் உதவி வேண்டும். முன்பணம். பனை ஓய்ந்த மாதங்களில் வீட்டுச் செலவுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் பனையேறிகள் எங்களிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கினால் சரக்கை எங்களுக்கே தர வேண்டும், சந்தை விலையைவிடக் குறைத்து. நானும் இன்னும் அப்படித்தான் வாங்குகிறேன். குறைக்கிற அளவைப் பாதியாக்கியிருக்கிறேன், ஆனாலும் அது சரியில்லை. முன்பணத்தை நிறுத்தினால் அவர்கள் வட்டிக்காரரிடம் போவார்கள், அது இதைவிட மோசம். கழிவு ஒரு ராத்திரியில் நின்றுவிட்டது, இது அப்படி நிற்காது. ஏழு குடும்பமும் சேர்ந்து ஒரு குழுவாகி பேங்கில் கடன் வாங்க வழி உண்டா? என்ன ஆவணம் கேட்பார்கள், ஈடு இல்லாமல் கொடுப்பார்களா, பருவம் முடிந்து கட்டுகிற மாதிரித் தவணை வைக்க முடியுமா? மேனேஜர் எந்தக் கேள்வி கேட்பார், அதற்கு என்ன பதில் வைத்திருக்க வேண்டும் என்று உன்னைப்போலச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

கால் சரியானதும் வா. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் என்றால் நல்லது, பதனீர் நன்றாக இறங்கும் காலம். செந்தூர் எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கையாகப் பார்த்துப் போட்டுக்கொள், திருச்செந்தூர் ஸ்டேஷனுக்கு நான் வண்டி கொண்டுவருகிறேன். ஓலைப்பட்டையில் நுங்கு போட்டுப் பதனீர் குடித்து எத்தனை வருடம் ஆயிற்று உனக்கு? சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போகலாம். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை போகிறேன், அதே பாயில்தான் உட்காருகிறேன். உன்னைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறேன். "பேங்க்காரரைக் கூட்டிட்டு வாங்க, பேசுவோம்" என்றிருக்கிறார்.

காப்பிக்குக் கருப்பட்டி நான் எடுத்து வருகிறேன்.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் பழைய பெஞ்சுக்காரன்