முதல் எண்ணைப் பார், பாப்பா

தஞ்சாவூர்,
ஆகஸ்ட் 30.

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் வியன்னா பயணத்துக்கு என்று நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ஓட்டல்களையும் பார்த்தேன். "எதுப்பா எடுக்கலாம், சீக்கிரம் சொல்லுங்க, ரேட்டு ஏறிடும்" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி பேச்சில் குட்டி போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். நிதானமாகப் படி.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 64 யூரோ ஓட்டல் வேண்டாம்.

அதைத்தான் நீ எடுக்க நினைக்கிறாய் என்று தெரியும். 92 யூரோ அறையை விட ஒரு ராத்திரிக்கு 28 யூரோ குறைவு, நாலு ராத்திரிக்கு 112 மிச்சம், அதைத் தீபாவளிக்கு உங்களுக்கு அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் அம்மா கண் கலங்கிவிட்டாள். ஆனால் அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம் பாப்பா. அது உங்கள் மூன்று பேரின் கால்களையும் தூக்கத்தையும் விற்று வருகிற பணம். எப்படி என்று சொல்கிறேன்.

அந்த ஓட்டலின் பெயரில் 'வியன்னா' இருக்கிறது. விலாசத்தின் கடைசி வரியைப் பார். 2320 என்று போட்டிருக்கிறது. வியன்னா நகரத்தின் பின்கோடு 1-இல் தொடங்கும். 2-இல் தொடங்கினால் அது நகர எல்லைக்கு வெளியே, பெரும்பாலும் கீழ் ஆஸ்திரியா மாநிலம். 2320 என்பது ஷ்வெஹாட், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். வியன்னாவுக்குள் சுற்ற எடுக்கிற டிக்கெட்டெல்லாம் நகர எல்லையோடு முடிந்துவிடும். போகும்போதும் வரும்போதும் நீயும் மாப்பிள்ளையும் தனியாக டிக்கெட் சேர்த்து எடுக்க வேண்டும். குட்டிக்கு 6 வயது ஆகும்வரை டிக்கெட் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அரை மணிக்கு ஒரு ரயில். ஒன்றை விட்டால் அக்டோபர் குளிரில், குழந்தையோடு, பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. 2018 மே மாதம், நீ மியூனிக்கில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, நானும் அம்மாவும் மட்டும் வியன்னா போய் வந்தோமே. "நல்லா இருந்துச்சு" என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னோம். ஓட்டலை நான்தான் பார்த்து எடுத்தேன். அதுவும் பெயரில் 'வியன்னா', பின்கோட்டில் 2. திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், ரயில்வே தபால் பிரிவில், முப்பத்தோரு வருஷம் சார்ட்டிங்கில் நின்றவன் நான். ஊர்ப் பெயர் அழிந்திருந்தாலும் ஆறு எண்ணைப் பார்த்து மூட்டையில் போட்டவன். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், முதல் மூன்று 613 என்றால் நம் தஞ்சாவூர் என்று ஓடும் ரயிலிலேயே பிரித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் விலையை மட்டும் பார்த்துவிட்டு விலாசத்தைப் படிக்காமல் பணம் கட்டினேன். இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

தினமும் காலையில் பஸ் பிடித்து ஸீபன்ஹிர்ட்டன் என்ற கடைசி ஸ்டேஷனுக்கு வர வேண்டும். அங்கிருந்து யு6 என்ற மெட்ரோ ரயில். பாதியில் லேங்கன்ஃபெல்ட்காஸெவில் இறங்கி யு4-க்கு மாறி, நகர நடுவில் இருக்கும் கார்ல்ஸ்பிளாட்ஸ். காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. காலையில் போவது பெரிதாகத் தெரியவில்லை. மத்தியானம்தான் கஷ்டம். ஒரு அரண்மனை, ஒரு மியூசியம் பார்த்ததும் அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும். ஒரு மணி நேரம் படுத்தால் சரியாகும். ஆனால் அறைக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம். அதனால் பூங்கா பெஞ்சிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். கழிவறைக்காக வேண்டாத காபிக்குக் காசு கொடுத்துக் கடையில் உட்காருவோம். சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில், ஊரே அழகாகும் நேரத்தில், கடைசி பஸ்ஸை நினைத்துக் கிளம்பிவிடுவோம். மூன்று நாளும் வியன்னாவை ராத்திரியில் நாங்கள் பார்க்கவே இல்லை.

நாலாவது நாள் காலை அம்மாவால் செருப்புப் போட முடியவில்லை. கடைசி ராத்திரிக்குக் கட்டிய பணம் திரும்பி வராத வகை. போனால் போகிறது என்று விட்டுவிட்டு, 1070-இல் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த சின்ன பென்ஷனில் அறை எடுத்தேன். பென்ஷன் என்றால் அந்த ஊரில் வீட்டு மாடியில் நடத்துகிற விடுதி. கட்டில், மேசை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினோம். ஆறு மணிக்கு மெல்ல நடந்து இறங்கி, ஹோஃப்பர்க் அரண்மனை முற்றத்தைத் தாண்டி, கிராபன் தெரு வழியாக ஸ்டெஃபான் தேவாலயம் வரை போனோம். ராத்திரி பத்தரைக்கு அறைக்குத் திரும்பினோம். படியேறும்போது அம்மா சொன்னாள்: "இன்னிக்குத்தாங்க ஊருக்கு வந்த மாதிரி இருக்கு."

உனக்கு நான் சொல்ல நினைப்பது அதுதான். மையமான ஓட்டல் என்றால் தேவாலயத்துக்குப் பக்கத்து ஓட்டல் இல்லை. மத்தியானம் ஒரு தடவை அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி கிளம்ப முடிகிற ஓட்டல். குட்டிக்கு மூன்று வயது. ஒரு மணிக்கு அவள் தூங்கியாக வேண்டும். தூங்காவிட்டால் நாலு மணிக்கு மேல் உங்கள் இருவருக்கும் ஊர் கிடையாது, அவள் அழுகைதான்.

வியன்னாவின் பின்கோட்டைப் படிக்கச் சொல்லித் தருகிறேன், சுலபம். நடுவில் இருக்கும் இரண்டு எண்கள்தான் வட்டத்தின், அதாவது நகரப் பகுதியின், எண். 1010 என்றால் 1-ஆம் வட்டம், 1070 என்றால் 7, 1150 என்றால் 15. மொத்தம் 23 வட்டங்கள். 1300 என்று பார்த்தால் ஏமாறாதே, அது விமான நிலையம். 1-ஆம் வட்டம் பழைய நகரம். அதைச் சுற்றி இருந்த கோட்டைச் சுவரை இடிக்கச் சொல்லி 1857-இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் உத்தரவு போட்டார். சுவர் இருந்த இடத்தில் போட்ட சாலைதான் ரிங். நம் ஊர்க் கீழவீதி, மேலவீதி மாதிரி அதை மனசில் வைத்துக்கொள். அதற்கு வெளியே இன்னொரு சுவர் இருந்தது, அது போன இடத்தில் கியூர்ட்டல் என்ற பெரிய சாலை. 3 முதல் 9 வரை ரிங்குக்கும் கியூர்ட்டலுக்கும் நடுவில். 2-ஆம் வட்டம் டான்யூப் கால்வாய்க்கு அந்தப் பக்கம். 10 முதல் 19 வரை கியூர்ட்டலுக்கு வெளியே. 21, 22 டான்யூப் ஆற்றுக்கு அக்கரை.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்தும் முடிவு செய்யாதே. ஸ்டேஷன் எவ்வளவு பக்கம், எந்த லைன் என்பதுதான் முக்கியம். 22-ஆம் வட்டத்தில் கைஸர்ம்யூலன் ஸ்டேஷன் வாசலில் அறை எடுத்தால் யு1-இல் ஆறாவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், அந்தத் தேவாலயத்து ஸ்டேஷன், வண்டி மாற வேண்டாம். அதே சமயம் எண் சிறியதாக இருந்தும் ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிஷம் மேட்டில் ஏறி நடக்க வேண்டிய ஓட்டலும் உண்டு. 'மையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர்' என்று ஓட்டல் பக்கத்தில் போடுகிறார்களே, அது காக்கை பறக்கிற தூரம். மேப்பில் ஓட்டல் வாசலிலிருந்து ஸ்டேஷன் வாசல் வரை நடக்கிற வழியைப் போட்டுப் பார். என் கணக்கு இது: ஏழு நிமிஷ நடை, வண்டி மாறாமல் பத்து நிமிஷப் பயணம். அதற்கு மேல் வேண்டாம்.

இனி நீ அனுப்பிய மற்ற இரண்டு. 189 யூரோ ஓட்டல் 1010, ரிங்குக்குள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தேவையில்லை.

92 யூரோ ஓட்டல் 1150, வெஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்துக்குப் பக்கம். 15 என்ற எண்ணைக் கண்டு பயப்படாதே. கியூர்ட்டலைத் தாண்டினால் எதிரே 7-ஆம் வட்டம். யு3 ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ். எல்லா யு-பான் (மெட்ரோ) ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு, தள்ளுவண்டியைத் தூக்க வேண்டாம். வெள்ளி, சனி ராத்திரிகளில் யு-பான் விடிய விடிய ஓடும். நீங்கள் போகிற நாளுக்கு இந்த இடத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அக்டோபர் 25 ஞாயிறு, 26 திங்கள் ஆஸ்திரியாவின் தேசிய நாள். இரண்டு நாளும் கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும். குட்டிக்குப் பாலும் வாழைப்பழமும் தேடி அலைய வேண்டாம்.

அதனால் அதையே எடு. ஆனால் பணம் கட்டும் முன் ஓட்டலுக்கு ஒரு மெயில் போட்டுச் சிலதைக் கேட்டுவிடு. அறை தெருப் பக்கமா, உள்முற்றத்துப் பக்கமா என்று கேள். கியூர்ட்டலில் ராத்திரி முழுக்க வண்டி ஓடும். உள்முற்றத்தை ஹோஃப் என்பார்கள், அந்தப் பக்கத்து அறை வேண்டும் என்று எழுது. நாங்கள் தங்கிய பென்ஷனில் அப்படித்தான், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், சத்தமே இல்லை. லிஃப்ட் இருக்கிறதா, தள்ளுவண்டி அதில் நுழையுமா என்றும் கேள். பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் மெஸனின் என்று ஒரு தளம் இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 'முதல் மாடி' என்று நம்பிப் போனால் இரண்டு மாடி, சில வீட்டில் மூன்று மாடி ஏறுவோம். குளியலறை அறைக்குள்ளா, பொதுவா என்பதையும் பார். குழந்தையின் வயதை எழுதித் தொட்டில் கேள். நகர வரி விலையில் சேர்ந்திருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள், இல்லாவிட்டால் கடைசி நாள் பில்லில் கூடும்.

காலைச் சாப்பாடு சேர்க்காதே. ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள், குட்டி ஒரு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டாள். ஸ்டேஷன் பேக்கரியில் ஸெம்மல் என்ற பன் வாங்கினால் போதும். தண்ணீர் பாட்டிலும் வாங்காதே. அந்த ஊர்க் குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர், 1873-லிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அம்மா இன்னும் அந்தத் தண்ணீரின் ருசியைச் சொல்வாள்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதே. திரும்பி வராத பணம் என்று போட்டிருக்கும் ரேட்டை எடுக்காதே, ஐந்து, பத்து யூரோ கூடினாலும் ரத்து செய்யக்கூடிய அறையை எடு. கிளம்புகிற நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். ஒருவேளை இந்த அறை போய்விட்டால் ஹௌப்ட்பான்ஹோஃப் என்ற தலைமை ரயில் நிலையத்துப் பக்கம் தேடு, அங்கும் யு1-இல் மூன்றே நிறுத்தம், பெல்வெடேர் அரண்மனைக்கு நடந்தே போகலாம். டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்துக்கு மாற்றிப் போகலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். அப்போது இதே அறை இந்த விலைக்கு வராது, கூட்டமும் அதிகம். அக்டோபரே நல்லது.

அம்மாவின் கால் இப்போது பரவாயில்லை. மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. பின்பக்கத்து முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, பறிக்க ஆளில்லை.

அறை எடுத்ததும் விலாசத்தை அனுப்பு, பின்கோட்டோடு முழுசாக. நான் மேப்பில் பார்த்துக்கொள்கிறேன். அங்கே தபால் பெட்டி மஞ்சளாக இருக்கும். ஒரு படக் கார்டு வாங்கி, குட்டி கையால் ஏதாவது கிறுக்கச் சொல்லி, அவளைத் தூக்கிப் பிடித்து அவள் கையாலேயே அதில் போட வை. பின்கோட்டை மட்டும் நீ தெளிவாக எழுது.

அன்புடன்,
அப்பா