அப்பாவின் மூச்சைக் காதில் வாங்கியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அப்பாவுக்கு இருப்பது ‘மல்டிப்பிள் சிஸ்டம் அட்ரோபி’ என்னும் நரம்பு நோய். பார்க்கின்சன் நோயைப் போலவே தோன்றும். உடல் இறுகும், நடை தளரும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரியும். பகலில் அவர் படும் பாடு எல்லோர் கண்ணிலும் பட்டது. இரவில் நடந்ததைக் காதில் வாங்கியவர் மாடியில் குடியிருக்கும் செவிலியர் அக்காதான்.

“தம்பி, இது குறட்டை மாதிரி இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும்தான் சத்தம் வருகிறது. செல்போனில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள்” என்றார். அதற்கு முன் ஒரு மருத்துவமனையில், வயதானால் குறட்டை வரத்தான் செய்யும் என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். உறவுக்காரர்களோ, கண்டக்டராக இருந்தவர் தூக்கத்திலும் விசில் ஊதுகிறார் என்று கேலி பேசினார்கள். கேலியானாலும் பொருத்தமான கேலிதான். ஒவ்வொரு இழுப்புக்கும் கீச்சென்று வரும்.

நரம்பியல் மருத்துவர் அந்தப் பதிவை முழுவதும் கேட்டார். குறட்டை, அண்ணமும் தொண்டையும் தளர்ந்து அதிர்வதால் வருவது. இது குரல்வளையில் பிறக்கும் சத்தம். மூச்சை இழுக்கும்போது விலகி வழிவிட வேண்டிய குரல்நாண்கள் நெருங்கிவிடுகின்றன. இந்த நோயில் இதை அலட்சியப்படுத்தினால் தூக்கத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். தன்னைக் கேட்காமல் தூக்க மாத்திரை எதையும் தொடக்கூடாது என்றார். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் இயந்திரம் போதாமல் போனால், பிற்பாடு கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டிவரலாம் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். பூசி மெழுகாத அந்தப் பேச்சுக்கு எங்கள் நன்றி.

புதுச்சேரியில் தூக்கப் பரிசோதனை செய்த தொழில்நுட்பர் பொறுமைசாலி. கனவு கண்டால் அப்பா கையையும் காலையும் வீசுவார். அம்மாவின் தோளுக்கு இது பழைய செய்தி. தலையில் ஒட்டிய கம்பிகளை அவர் பிடுங்கப் பிடுங்க, முகம் சுளிக்காமல் திரும்ப ஒட்டினார் அந்தத் தம்பி.

சிபாப் வந்தது. முகமூடியின் கொக்கியைக் கழற்ற அப்பாவின் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. நடுஇரவில் மூச்சுமுட்டுவதுபோல் பயந்தால் யாரைக் கூப்பிடுவது? முதுநகர்த் தையற்காரர் கொக்கியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் ஒரு பருத்தி நாடாவை வளையமாகத் தைத்துக் கொடுத்தார். வளையத்தில் ஒரு விரலை நுழைத்து இழுத்தால் போதும், கழன்றுவிடும். கூலி வாங்க மறுத்துவிட்டார். அன்று முதல் அப்பா முகமூடிக்குப் பயப்படுவதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கே மின்சாரம் போனது. எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் தன் வீட்டு இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கழற்றிக் கொட்டும் மழையில் தூக்கி வந்து மாட்டினார். அவர் வீட்டில் அன்று மெழுகுவர்த்திதான். புதுச்சேரித் தம்பியும் தொலைபேசியில், காற்றுக்கு ஈரப்பதம் சேர்க்கும் சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும் என்று வழி சொன்னார். பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்த நாள்களிலும் இயந்திரம் ஓடியது. தண்ணீரில் நின்று மின்கம்பிகளைச் சரிசெய்த ஊழியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இன்வெர்ட்டரை ஆட்டோக்கார அண்ணன் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்காலமும் இங்கேயே இருக்கட்டும் என்கிறார். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வந்து, அதற்கான பணத்தையாவது அவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இந்த மடலிலேயே எழுதச் சொன்னார்.

நன்றியுடன்,
கண்டக்டர் வீட்டார்,
மஞ்சக்குப்பம், கடலூர்.