வராத 20,600 மைல்கள்: ஒரு புகார் கடிதம்

கும்பகோணம்
19.01.2026

அனுப்புநர்:
உங்கள் மைல் திட்டத்தின் உறுப்பினர் (உறுப்பினர் எண் இத்துடன் உள்ள பிரிண்டில் இருக்கிறது)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
உறுப்பினர் மைல் திட்டப் பிரிவு

பொருள்: 2025 ஆடிச் சலுகையில் ஏழு ஆர்டர்களுக்கு மைல் வரவு வைக்காதது குறித்து

ஐயா / அம்மா,

கடந்த ஜூலை 26, 27 தேதிகளில் உங்கள் ஷாப்பிங் போர்ட்டல் (மற்ற கடைகளுக்கு அழைத்துச் செல்லும் உங்கள் இணையப் பக்கம்) வழியாக 1,46,300 ரூபாய்க்கு ஒன்பது ஆர்டர் போட்டேன். இரண்டுக்கு மைல் (விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள நீங்கள் தரும் பாயிண்ட்) வந்தது, ஏழுக்கு வரவில்லை. வரவேண்டிய பாக்கி 20,600 மைல். நான்கு மின்னஞ்சல், மூன்று போன் எல்லாம் ஆன பிறகு, நவம்பர் 18 அன்று "தங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரு வரி அனுப்பினீர்கள். உங்களுக்கு முடிந்திருக்கலாம், எனக்கு முடியவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறவள். நிபந்தனையைப் படிக்காமல் பட்டனை அழுத்தும் பழக்கம் எனக்குக் கிடையாது. உங்கள் பதில் ஒவ்வொன்றும் "நிபந்தனைகளைக் கவனமாகப் படிக்கவும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் இரண்டாவது மகளுக்கு ஆவணியில் கல்யாணம். சீர் சாமான் வாங்க வேண்டிய சமயத்தில் உங்கள் விளம்பரம் வந்தது. போர்ட்டல் வழியாக வாங்கினால் 100 ரூபாய்க்கு 12 மைல். இரண்டு நாளில் ஒரு லட்சத்தைத் தாண்டினால் கூடுதலாக 5,000. சாதாரண நாளில் நீங்கள் கொடுப்பது 100 ரூபாய்க்கு 2 மைல். அக்காவின் மூத்த மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பேத்தி பிறந்து ஒரு வருடம் ஆகியும் அக்காவும் அத்தானும் குழந்தையைப் போனில்தான் பார்த்திருக்கிறார்கள். அத்தானிடம் சொன்னேன்: "பணம் உங்களுது, கார்டு என்னுது. வர்ற மைல்ல உங்க ரெண்டு பேருக்கும் சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டுத் தர்றேன்."

அவர் நம்பவில்லை. கடைத்தெருவில் நேரில் வாங்கினால் விலையும் குறையும், கடைக்காரர் ஒரு எவர்சில்வர் தூக்கும் மஞ்சப்பையும் கொடுப்பார் என்றார். உண்மைதான். நான் விசாரித்த அளவில் இதே சாமான்களைக் கும்பகோணத்தில் வாங்கியிருந்தால் மொத்தத்தில் 5,200 ரூபாய் குறைந்திருக்கும். ஆனால் வரப்போகும் மைல் 22,556. அப்படியென்றால் மைல் ஒன்றுக்கு அடக்க விலை 23 பைசா. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு உங்கள் மைல் கணக்கில் ஆளுக்கு 15,000. இரண்டு பேருக்கும் காசு கொடுத்து வாங்கினால் அன்றைய விலை 24,000 ரூபாய். மைலில் எடுத்தாலும் வரி 4,600 கட்டியே ஆக வேண்டும். மிச்சமாவது 19,400. 30,000 மைலுக்கு வகுத்தால் மைல் ஒன்றின் மதிப்பு கிட்டத்தட்ட 65 பைசா. 23 பைசாவுக்கு வாங்கி 65 பைசாவுக்குச் செலவழிப்பது நல்ல வியாபாரம்தானே? என் கணக்கில் ஏற்கெனவே 8,100 இருந்தது. கூட்டினால் 30,656. டிக்கெட் போக மிச்சம் 656. இவ்வளவு பொருத்தமாக வருகிற கணக்கு எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறைகூட வராது.

அதற்குப் பிறகு நடந்தது இது.

சனிக்கிழமை லேப்டாப்பில் உட்கார்ந்து வெட் கிரைண்டர், மிக்ஸி இரண்டையும் வாங்கினேன். 16,300 ரூபாய். அதற்கு 1,956 மைல் பிசகாமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்து, எந்த மாடல், என்ன நிறம் என்று பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ராத்திரி ஏழு மணிக்குக் கரன்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை, வைஃபையும் போய்விட்டது. உங்கள் பக்கத்திலோ சிவப்பு எழுத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது: சலுகை முடிய இன்னும் 4 மணி 50 நிமிடம். சரி என்று போனை எடுத்தேன். அக்கா எமர்ஜென்சி லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போனின் பிரவுசரில் உங்கள் போர்ட்டலைத் திறந்து, உறுப்பினராக உள்ளே நுழைந்து, கடையின் பெயரை அழுத்தினேன். ஒரு விமானப் படம் பறந்தது. "உங்கள் மைல்கள் காத்திருக்கின்றன, கடைக்கு அழைத்துச் செல்கிறோம்" என்று வந்தது. அடுத்த நொடி அந்தக் கடையின் ஆப் தானாகத் திறந்துகொண்டது. நான் ஆப்பைத் தொடவில்லை. பிரவுசரா, ஆப்பா என்று யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. உங்கள் இணைப்பு எங்கே கொண்டுபோய் விட்டதோ அங்கே வாங்கினேன். ஃபிரிட்ஜ் 34,500, வாஷிங் மெஷின் 29,000, டிவி 36,500, மெத்தை 14,800, குக்கர் செட் 6,200, ஃபேனும் அயர்ன் பாக்ஸும் 5,500, டின்னர் செட் 3,500. ஒவ்வொன்றுக்கும் உங்கள் போர்ட்டலுக்குத் திரும்பி வந்து, மறுபடி அதே பட்டனை அழுத்தி, மறுபடி அந்த விமானம் பறப்பதைப் பார்த்துத்தான் ஆர்டர் போட்டேன். மொத்தம் ஏழு தடவை. ஏழு தடவை போய்வந்ததும் உங்கள் பக்கத்திலேயே "என் கிளிக்குகள்" என்ற இடத்தில் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. பிரிண்ட் இணைத்திருக்கிறேன்.

ஆர்டர் போட்ட மூன்று நாளில் மைல் "நிலுவை" என்று காட்ட வேண்டியது, காட்டவில்லை. போனில் கேட்டதற்கு 60 நாள் பொறுக்கச் சொன்னீர்கள். பொறுத்தேன். செப்டம்பர் 29 அன்று படிவத்தை நிரப்பினேன். அக்டோபர் 9 அன்று பில் கேட்டீர்கள், மறுநாளே அனுப்பினேன். அக்டோபர் 24 அன்று "ஆப் மூலம் செய்த கொள்முதலுக்கு மைல் கிடையாது" என்றீர்கள். அது எந்த நிபந்தனை என்று கேட்டதற்கு நவம்பர் 18 அன்று வந்த பதில்தான் உச்சம்: வாங்கிய 90 நாளுக்குள் புகார் செய்ய வேண்டுமாம், நாள் கடந்துவிட்டதாம். ஜூலை 27க்கும் செப்டம்பர் 29க்கும் நடுவில் 64 நாள். நாட்களை ஓட்டியது நீங்கள்.

இப்போது அந்த நிபந்தனைக்கு வருகிறேன். ஜூலை 26 அன்று நான் பிரிண்ட் எடுத்த பக்கத்தில் 11 நிபந்தனைகள் இருக்கின்றன. தேதியும் நேரமும் தாளின் தலையிலேயே அச்சாகியிருக்கிறது. கிஃப்ட் கார்டுக்கு மைல் இல்லை, தங்க நாணயத்துக்கு இல்லை, திருப்பி அனுப்பிய பொருளுக்கு இல்லை. எல்லாம் நியாயமே. ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்று அதே பக்கத்தில் 14 நிபந்தனைகள் இருக்கின்றன. 12ஆவது, ஆப் மூலம் வாங்கினால் மைல் இல்லை என்பது. கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகையைத் திருத்துகிற வேலை இது.

உங்கள் ஊழியர் ஒருவர் போனில் கொஞ்சம் மனசு வைத்துப் பேசினார், அவருக்கு நன்றி. இணைப்போடு ஒரு அடையாளக் குறி போகும், பிரவுசரில் அது குக்கீ என்ற சிறு பதிவாகத் தங்கும், அதைப் பார்த்துத்தான் கடை உங்களுக்குக் கமிஷன் தரும், அந்தக் கமிஷனிலிருந்துதான் எனக்கு மைல், ஆப் திறந்துகொண்டால் குறி அறுந்துபோகும் என்று விளக்கினார். புரிந்தது. ஆனால் குறி அறுந்தது உங்களுக்கும் கடைக்கும் நடுவில். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறவர் என் பெயரை விட்டுவிட்டால், நான் மொய் வைக்கவில்லை என்று ஆகிவிடுமா? கவர் உள்ளே இருக்கிறது, எழுதாமல் விட்டது அவர். அறுந்துபோகும் என்று தெரிந்திருந்தால் போனில் அந்தப் பட்டனையே வேலை செய்யாமல் வைத்திருக்கலாம். "லேப்டாப்பில் வாங்குங்கள்" என்று ஒரு வரியாவது போட்டிருக்கலாம். கடிகாரத்தை ஓடவிட இடம் இருந்தது, இந்த ஒரு வரிக்கு இடம் இல்லையா?

மைல் என்பது உறுப்பினர்களுக்கு நாங்கள் தரும் அன்பளிப்பு, அதை உரிமையாகக் கோர முடியாது என்றும் ஒரு பதிலில் எழுதியிருக்கிறீர்கள். இதைக் கணக்கு எழுதுகிறவளிடம் சொல்லியிருக்க வேண்டாம். மைலை நீங்கள் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசுக்கு விற்கிறீர்கள். 2020இல் கொரோனாவில் விமானமெல்லாம் தரையில் நின்றபோது, அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. 2021 மார்ச்சில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தைக் காட்டி 1,000 கோடி டாலர் திரட்டியது. அன்பளிப்பை யாரும் அடகு பிடிக்க மாட்டார்கள். நம் நாட்டிலும் இந்தியக் கணக்கியல் தரநிலை 115 இப்படிப்பட்ட பாயிண்ட்டை வாடிக்கையாளருக்குத் தீர்க்க வேண்டிய கடமையாகத்தான் பார்க்கிறது. டிக்கெட் காசில் அந்தப் பங்கைத் தனியே பிரித்து, வாடிக்கையாளர் பயன்படுத்தும்வரை பொறுப்பாக நிறுத்திவைக்க வேண்டும். உங்களிடமே மைல் ஒன்று 1 ரூபாய் 50 பைசாவுக்கு விற்பனைக்கு இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று நீங்கள் தள்ளுபடி போடும் நாளில்கூட 75 பைசா. அந்தக் குறைந்த விலையில் பார்த்தாலே என் பாக்கி 15,450 ரூபாய் ஆகிறது.

1999இல் அமெரிக்காவில் ஹெல்தி சாய்ஸ் என்ற உணவுக் கம்பெனி, தன் பொருள்களின் பார்கோடு பத்து அனுப்பினால் 500 மைல், சீக்கிரம் அனுப்பினால் 1,000 மைல் என்று அறிவித்தது. கலிபோர்னியாவில் ஒரு இன்ஜினியர் 25 சென்ட் புட்டிங் கப்புகள் 12,150 வாங்கினார். பார்கோடைப் பிரிக்க ஆள் போதாமல், தொண்டு நிறுவனத்துக்கே புட்டிங்கைத் தானமாகக் கொடுத்து அவர்களைப் பிரிக்க வைத்தார். சுமார் 3,140 டாலர் செலவில் 12 லட்சத்துக்கும் மேல் மைல் அவருக்கு வந்தது. அதைக் கேட்டு எங்கள் அலுவலகமே சிரித்தது. நான் அப்படி எந்த ஓட்டையிலும் நுழையவில்லை. என் ஃபிரிட்ஜும் மெத்தையும் அக்கா மகள் வீட்டில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. புட்டிங் வாங்கியவருக்கே சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சொன்னதைக் கொடுக்காமல் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது: 1992இல் பிரிட்டனில் ஹூவர் கம்பெனி, 100 பவுண்டுக்குச் சாமான் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்ததும் கையை விரித்தது. வழக்கு வழக்காக அலைந்து, கடைசியில் சுமார் 5 கோடி பவுண்டு போனது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஏழு ஆர்டருக்கான 15,600 மைலும், ஒரு லட்சத்தைத் தாண்டியதற்கான 5,000 மைலும் என் கணக்கில் வர வேண்டும். உங்கள் தாமதத்தால் போன மாதங்களை அந்த மைல்களின் காலாவதித் தேதியில் சேர்க்க வேண்டும். ஆப் பற்றிய நிபந்தனை எந்தத் தேதியில் பக்கத்தில் ஏறியது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மைல் தர மனசில்லை என்றால் 15,450 ரூபாயைத் திருப்பித் தரலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் வைக்கத் தேவையில்லை. விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதிக்கு நிபந்தனை முரணாக இருக்கக் கூடாது என்கின்றன 2022இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள். பொய்யான அவசரம் காட்டுவதை ஏமாற்று உத்தி என்கின்றன 2023இல் வந்தவை. உங்கள் சிவப்புக் கடிகாரம் ஞாயிறு நள்ளிரவு பூஜ்யத்தைத் தொட்டது. திங்கள் காலை ஏழரைக்கு "உங்களுக்காகச் சலுகை நீட்டிக்கப்பட்டுள்ளது" என்று செய்தி வந்தது. அதுவும் பிரிண்டில் இருக்கிறது. நீட்டிக்கப்போவது முன்பே தெரிந்திருந்தால் கரன்ட் வந்த பிறகு லேப்டாப்பிலேயே வாங்கியிருப்பேன்.

பொங்கலுக்கு அத்தான் வந்திருந்தார். கரும்பைக் கடித்துக்கொண்டே, "உன் மைல் இப்ப எந்த ஊர் வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார். மாசியில் போவதற்கு அவரே காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் உறுப்பினர்

பின்குறிப்பு: நேற்றும் உங்கள் செய்தி வந்தது. பொங்கல் சலுகை, 100 ரூபாய்க்கு 15 மைல், முடிய இன்னும் 6 மணி நேரம். நிபந்தனைப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன். ஒன்றும் வாங்கவில்லை.